ஜூலை ஸ்கோரை நம்பலாமா?

நீங்கள் கேட்டது இது. குடிவந்த ஊரின் நான்-லீக் அணியைப் போன ஜனவரியிலிருந்து பார்த்து வருகிறீர்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் ஏழாம் மட்டத்தில் ஆடும் அணி. நான்-லீக் என்றால் முதல் நான்கு மட்டத் தொழில்முறை லீக்குகளுக்குக் கீழே உள்ள கால்பந்து. இந்த ஜூலையில் இதுவரை ஐந்து நட்பு ஆட்டம், நான்கு வெற்றி. அதில் ஒன்றில் பெரிய கிளப் ஒன்றின் பெயரில் வந்த அணியை 3-1 என்று அடித்துவிட்டார்கள். இந்த வருஷம் மேலே ஏறிவிடுவோம் என்று மைதானத்தில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நம்பலாமா, சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீசன் டிக்கெட் எடுங்கள். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பேச வேண்டும். நான் தென் லண்டனில் சட்டனில் இருக்கிறேன், சட்டன் யுனைடெட் அணியைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன். பதினெட்டு ஜூலை மாதங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: ஸ்கோரை நம்பக்கூடாது, ஆனால் நம்பிக்கையை விட்டுவிடவும் கூடாது. அதை எதன்மேல் வைப்பது என்று தெரிந்தால் போதும்.

அந்த 3-1ஐ எடுத்துக்கொள்வோம். ஜூலையில் பெரிய கிளப் ஒன்று சின்ன மைதானத்துக்கு அணி அனுப்பும்போது சுவரொட்டியில் கிளப் பெயருக்குப் பின்னால் ‘லெவன்’ என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். முதல் அணி வராது, வருகிறவர்கள் பெரும்பாலும் 18, 19 வயதுப் பையன்கள் என்று அதற்கு அர்த்தம். பந்தை அழகாகத் தட்டுவார்கள், காலில் வேகம் இருக்கும். ஆனால் வாரநாளில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற முப்பத்திரண்டு வயது சென்டர்-பேக் (நடுப் பின்கள வீரர்) ஒருவர் கார்னரில் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் என்ன செய்வது என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர்களை அனுப்புகிறார்கள். உங்கள் அணி போட்ட மூன்று கோலில் குறைந்தது இரண்டு கார்னரிலோ நீண்ட த்ரோ-இன்னிலோ வந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் லீக்கில் எதிரே நிற்கப்போகிறவரும் எலக்ட்ரீஷியன்தான். அவரிடம் இது இவ்வளவு சுலபமாக நடக்காது.

அடுத்தது உடல் தயார்நிலை. இது பலர் கவனிக்காத விஷயம். இங்கே எல்லா மட்டமும் ஒரே நாளில் சீசனைத் தொடங்குவதில்லை. ஒன்பதாம், பத்தாம் மட்ட லீக்குகள் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முதல் சனிக்கிழமையிலோ ஆரம்பித்துவிடும். ஐந்தாம் மட்டமான நேஷனல் லீக்கும் உங்கள் மட்டமும் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும். அதனால் ஜூலை நடுவில் உங்களைவிட இரண்டு மட்டம் கீழே உள்ள அணி ஓட்டத்தில் உங்களைவிட இரண்டு வாரம் முன்னால் இருக்கும். நீங்கள் தோற்ற அந்த ஒரு ஆட்டம் ஒன்பதாம் மட்ட அணியோடு என்றால் அதை மறந்துவிடுங்கள். ஜூலை முதல் வாரத்தில் ஒரு கீழ்மட்ட அணியை 6-0 என்று அடித்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். முதல் பத்து நாள் ஓட்டம் எல்லாமே நுரையீரலுக்கான வேலை.

அப்புறம் ஆள் மாற்றம். நட்பு ஆட்டத்தில் இரண்டு மேலாளர்களும் பேசிக்கொண்டால் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். இடைவேளைக்குப் பிறகு முழு அணியும் புதிதாக இறங்குவது சாதாரணம். ஏழாம் மட்டத்தில் பெரும்பாலான வீரர்களுக்கு வேறு வேலை உண்டு. பள்ளி ஆசிரியர், டிரைவர், ஜிம் பயிற்சியாளர் என்று எல்லா வகையினரும் இருப்பார்கள். செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி. ஜூலையில் யார் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகவில்லையோ அவர்களை வைத்துத்தான் மேலாளர் அணியைக் கட்ட வேண்டும். ஆகவே ஐந்து ஆட்டத்தில் நான்கு வெற்றி என்று நீங்கள் சொல்லும்போது அந்த ஐந்திலும் ஆடியது ஒரே அணி இல்லை.

ஸ்கோர் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு எங்கள் மைதானத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2002 மே மாதம், விம்பிள்டன் கால்பந்துக் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு இடம் மாற்ற அனுமதி கொடுத்துவிட்டார்கள். சுமார் 90 கிலோமீட்டர் தூரம். ஒரு ஊரின் கிளப்பை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனதை அந்த ஊர் ரசிகர்களால் தாங்க முடியவில்லை. தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று ஒரு புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூன் 29 அன்று விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திறந்தவெளியில் வீரர்களைத் தேர்ந்தெடுக்க அழைப்பு விட்டார்கள். 230 பேர் அளவுக்கு வந்தார்கள். பதினோரு நாள் கழித்து, ஜூலை 10, புதன்கிழமை மாலை, அந்த அணி தன் வாழ்க்கையின் முதல் ஆட்டத்தை சட்டன் யுனைடெட்டோடு எங்கள் காண்டர் கிரீன் லேன் மைதானத்தில் ஆடியது. வெறும் நட்பு ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்.

ஸ்கோர் சட்டன் 4, விம்பிள்டன் 0. நான் அப்போது இந்த ஊருக்கு வரவில்லை. ஆனால் அன்று இருந்தவர்கள் பலர் இன்னும் எங்கள் மைதானத்துக்கு வருகிறார்கள், அவர்களிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நான்கு கோல் வாங்கிய அணியின் ரசிகர்கள் கடைசிவரை பாடிக்கொண்டே இருந்தார்களாம். ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் ஓடி வந்தார்களாம். ஆறு வாரத்துக்கு முன்னால் கிளப்பே இல்லாதவர்களுக்கு இப்போது பதினொரு பேர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு அன்று வேறென்ன வேண்டும்?

அந்த சீசனில் அவர்கள் ஒன்பதாவது மட்டத்தில் 46 ஆட்டத்தில் 36ஐ வென்று 111 புள்ளி எடுத்தார்கள். அதற்கும் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. அடுத்த சீசனில் 42 வெற்றி, 4 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோற்கவே இல்லை. 2011 மே 21 அன்று மான்செஸ்டரில் நடந்த பிளே-ஆஃப் (முதலிடத்துக்கு அடுத்து வந்தவர்கள் மேலே ஏற ஆடும் ஆட்டங்கள்) இறுதியில் லூட்டன் டவுனைப் பெனால்டியில் வென்று கால்பந்து லீக்குக்குள் நுழைந்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஐந்து பதவி உயர்வு. அதன் முதல் நாள் 4-0 தோல்வி.

மான்செஸ்டரிலும் இப்படி ஒன்று நடந்தது. 2005இல் மான்செஸ்டர் யுனைடெட்டை கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்து ரசிகர்கள் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் ஆட்டமும் ஜூலையில் லீ நகரத்து அணியோடு ஆடிய ஒரு நட்பு ஆட்டம்தான். 0-0. ஒரு கோலும் இல்லாத அந்த மாலைக்குப் பிறகு அடுத்தடுத்து மூன்று சீசனில் மூன்று முறை மேலே ஏறினார்கள்.

சரி, ஸ்கோர் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது?

முதல் 45 நிமிடத்தைப் பாருங்கள், அதுவும் கடைசி இரண்டு நட்பு ஆட்டங்களில். பொதுவாக மேலாளர்கள் முதல் லீக் ஆட்டத்தின் அணியை அதற்கு முந்தைய சனிக்கிழமை இறக்கிப் பார்த்துவிடுவார்கள். அன்றைக்குக் கோல்கீப்பர், இரண்டு சென்டர்-பேக், அவர்களுக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர் ஆகிய நான்கு பேரும் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். போன சீசன் முடியும்போது இருந்தவர்களில் மூன்று பேராவது அங்கே நின்றால் அது நல்ல செய்தி. நான்கு பேரும் புதியவர்கள் என்றால் அக்டோபர் வரைக்கும் பொறுமை வேண்டும். முன்களத்தில் புது ஆள் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நான் பார்த்த நல்ல சீசன்கள் எல்லாம் பின்னால் இருந்துதான் கட்டப்பட்டவை.

அடுத்தது, காதைக் கொடுங்கள். பிரீமியர் லீக் மைதானத்தில் 60,000 பேர் சத்தத்தில் எதுவும் கேட்காது. உங்கள் மைதானத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கோல்கீப்பர் பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும். ‘பின்னால் ஆள்’, ‘நேரம் இருக்கு’, ‘வெளியே வா’ என்று விடாமல் பேசுகிற கோல்கீப்பர் ஒரு சீசனில் பத்துப் புள்ளிக்குச் சமம் என்பது என் கணக்கு. கோல் வாங்கியதும் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். ஒருவரை ஒருவர் கைநீட்டுகிறார்களா, அல்லது யாராவது ஒருவர் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடுகிறாரா? ஜூலையில் கணக்கில் வராத ஒரு கோலுக்கு அப்படி ஓடுகிற ஆள் உங்கள் அணியில் இருந்தால் அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நெருக்கம்தான் என்னை இந்தக் கால்பந்தில் கட்டிப்போட்டது. எங்கள் ஊர்த் தமிழர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2018இல் கோனிஃபா உலகக் கோப்பை லண்டனிலும் அதைச் சுற்றியும் உள்ள நான்-லீக் மைதானங்களில்தான் நடந்தது. ஃபிஃபாவில் இடம் இல்லாத அணிகளுக்கான போட்டி அது. தமிழீழம் என்ற பெயரில் ஒரு அணியும் அதில் ஆடியது. போட்டிக்கு இடம் கொடுத்த மைதானங்களில் எங்கள் காண்டர் கிரீன் லேனும் ஒன்று. பெரிய அரங்கம் எதுவும் கதவைத் திறக்காத இடத்தில் இந்தச் சின்ன மைதானங்கள் திறந்தன. அதை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாவதாக, ட்ரயலிஸ்ட்டுகள். அணிப் பட்டியலில் சில எண்களுக்கு நேரே பெயர் இருக்காது, ‘ட்ரயலிஸ்ட்’ என்று மட்டும் போட்டிருக்கும். ஒப்பந்தம் இல்லாமல் தன்னைக் காட்டிக்கொள்ள வந்திருக்கும் வீரர் அவர். பெரிய கிளப்பின் அகாடமியிலிருந்து மே மாதம் வெளியே அனுப்பப்பட்ட பையனாக இருக்கலாம், காயத்திலிருந்து திரும்புகிற முப்பது வயதுக்காரராக இருக்கலாம். பக்கத்து ஊர் கிளப் பெயரைப் பார்த்துக் கொத்திக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காகவும் பெயரை மறைப்பார்கள். ஜூலையில் எனக்கு மிகவும் பிடித்தது இவர்களைப் பார்ப்பதுதான். நமக்கு அது ஒரு மாலை நேரப் பொழுது. அவருக்கு அது வேலைக்கான நேர்முகத் தேர்வு. முதல் ஐந்து நிமிடத்தில் பந்து காலில் படவில்லை என்றால் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்திருக்கிறேன், மனசு கனத்துப்போகும்.

அந்தப் பெயர் இல்லாத பையன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இயன் ரைட் 1985 கோடையில் கிரிஸ்டல் பேலஸுக்குத் தேர்வு ஆட்டக்காரராகத்தான் வந்தார். அதுவரை ஆடியது கிரீனிச் பரோ என்ற சின்ன அணிக்கு. ஏற்கெனவே வேறு கிளப்புகள் வேண்டாம் என்று அனுப்பியிருந்தன. ஆகஸ்டில் பேலஸ் ஒப்பந்தம் போட்டபோது வயது 22ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஆர்சனல், இங்கிலாந்து அணி என்று போனது ஊரறிந்த கதை. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட்டில் ஆடிக்கொண்டிருந்த மிக்கேல் ஆன்டோனியோ 2008இல் ரெடிங்குக்குப் போய், வெஸ்ட் ஹாம் வரை ஏறினார். ஜேமி வார்டி ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் அணியில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடியவர். பகலில் மருத்துவச் சிம்புகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. 2010இல் ஹாலிஃபாக்ஸ், 2011இல் ஃப்ளீட்வுட், 2012இல் பத்து லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் சிட்டி. நான்கு வருஷம் கழித்து பிரீமியர் லீக் கோப்பையைக் கையில் தூக்கினார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏழாம் மட்டத்தில் நிறைய வீரர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்காது. வேறு கிளப் ஒன்று ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவரிடம் பேசலாம், அவரும் போகலாம். ஜூலையில் நான்கு கோல் போட்டு உங்கள் மனதைக் கொள்ளைகொண்ட முன்கள வீரர் செப்டம்பரில் இருபது மைல் தள்ளி வேறு சட்டையில் ஆடிக்கொண்டிருப்பார். அவர்மேல் கோபப்படாதீர்கள். வாரம் நூறு பவுண்டு கூடுதலாகக் கிடைத்தால் பெட்ரோல் செலவு போக வீட்டுக்கும் ஏதாவது மிஞ்சும். ஒரு ஆளின்மேல் மட்டும் முழு நம்பிக்கையையும் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி, மேலே ஏறுவது. ஏழாம் மட்டத்தில் நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 22 அணிகள். முதலிடம் நேரடியாக மேலே போகும். இரண்டிலிருந்து ஐந்து வரை வருகிறவர்கள் பிளே-ஆஃப் ஆடுவார்கள், அதில் ஒருவர் போவார். அதாவது ஐந்தாவது இடத்துக்குள் வந்தாலே மே மாதம் வரை உயிர் இருக்கும். இதை எட்டமுடியாத கனவு என்று நான் சொல்ல மாட்டேன். அங்கிருந்து நேஷனல் லீக் நார்த் அல்லது சவுத், அப்புறம் நேஷனல் லீக், அதற்கு மேல் லீக் டூ. மூன்று ஏணி ஏறினால் தொழில்முறைக் கால்பந்து லீக்.

இந்த ஏணி எப்போதும் இருந்ததில்லை. 1986-87 சீசனுக்கு முன்னால் நான்-லீக் அணி ஒன்று எவ்வளவு நன்றாக ஆடினாலும் தானாக மேலே போக முடியாது. லீக்கில் உள்ள கிளப்புகள் ஓட்டுப் போட வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கிறவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். 1980இல் ஆல்ட்ரிங்காம் ஒரே ஒரு ஓட்டில் தவறவிட்டது. எத்தனை பேருடைய ஜூலை நம்பிக்கை அந்த ஓட்டுப்பெட்டியில் முடிந்துபோயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. 1987இல் நீல் வார்னக் மேலாளராக இருந்த ஸ்கார்பரோ அணி நேரடியாக ஏறிய முதல் அணி ஆனது. இரண்டாவது இடம் ஒன்று திறக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் நேஷனல் லீக்கிலிருந்து இரண்டே பேர்தான் மேலே போக முடியும். 2022-23இல் ரெக்ஸம் 111 புள்ளி எடுத்து முதலிடம் வந்தது. 107 புள்ளி எடுத்த நாட்ஸ் கவுண்டி பிளே-ஆஃப் ஆடி, வெம்பிளியில் பெனால்டி வரை போய்த்தான் தப்பியது. 107 புள்ளி எடுத்த அணிக்கு அந்த நிலை வரக்கூடாது, கதவை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் அணியும் அந்தக் கதவு வழியாகப் போனது. 2016இல் நேஷனல் லீக் சவுத்தை வென்றோம். 2021இல் மாட் கிரே மேலாளராக இருந்தபோது நேஷனல் லீக்கை வென்று, 1898இல் தொடங்கிய கிளப் முதன்முறையாகக் கால்பந்து லீக்குக்குள் போனது. அந்தச் சீசனின் தொடக்கத்தில் எங்களைப் பட்டத்துக்கு உரியவர்களாக யாரும் பெரிதாகப் பேசவில்லை. நோய்த்தொற்றுக் காலம் வேறு. ஜூலையில் நட்பு ஆட்டமே கிடையாது, சீசன் அக்டோபரில்தான் தொடங்கியது. லீக்குக்குப் போனதும் எங்கள் செயற்கைப் புல்தரையைக்கூடப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புல் போட வேண்டியிருந்தது, மேலே அதற்கு அனுமதி இல்லை. மூன்று சீசன் இருந்தோம், 2024இல் இறங்கினோம். இறங்கியது வலித்தது. ஆனால் ஒவ்வொரு ஜூலையிலும் நான் கம்பியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தது ஒருமுறை நடந்தேவிட்டது. அதனால்தான் உங்கள் மைதானத்துப் பேச்சை நான் வெறும் பேச்சு என்று தள்ளிவிட மாட்டேன்.

எஃப்ஏ கோப்பையையும் மறந்துவிடாதீர்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட அணிகள் சேரும் போட்டி, ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கீழிருந்து ஆரம்பித்துவிடும். உங்கள் மட்டத்து அணிகள் முதல் தகுதிச் சுற்றில் நுழையும். நான்கு வெற்றி கிடைத்தால் நவம்பரில் முதல் சுற்று, லீக் அணிகளோடு ஆட்டம். 1989 ஜனவரி 7 அன்று எங்கள் மைதானத்தில், இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அதே கோப்பையை வென்றிருந்த கவன்ட்ரி சிட்டியை சட்டன் 2-1 என்று வென்றது. டோனி ரெயின்ஸும் மேத்யூ ஹன்லனும் கோல் போட்டார்கள். 2024 ஜனவரியில் ஆறாம் மட்டத்து மெய்ட்ஸ்டோன் அணி, இப்ஸ்விச் டவுனை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. 2021இல் எட்டாம் மட்டத்து மரீன் அணி மூன்றாம் சுற்றில் டாட்டன்ஹாமை வரவேற்றது. நோய்த்தொற்றால் மைதானத்துக்குள் ஆளை விட முடியாத நேரம். உள்ளே வர முடியாத டிக்கெட்டுகளை 30,000 பேருக்கு மேல் வாங்கினார்கள். 5-0 என்று தோற்றாலும் அந்தப் பணம் கிளப்பைத் தாங்கியது.

பணம் என்று வந்துவிட்டதால் சீசன் டிக்கெட்டுக்கு வருகிறேன். ஜூலையில் நான் முதலாவதாக நம்ப விரும்புவது கிளப் ஆகஸ்டிலும் இருக்கும் என்பதைத்தான். ஸ்கார்பரோவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, முதன்முதலில் ஏறிய அந்தக் கிளப் 2007இல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. 1894இலிருந்து லீக்கில் இருந்த பரி என்ற கிளப் 2019 ஆகஸ்டில், சீசன் தொடங்கிவிட்ட நேரத்தில், வெளியேற்றப்பட்டது. 2020இல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் கலைக்கப்பட்டது. 2025 ஜூலைக் கடைசியில் மோர்கம் அணியை நேஷனல் லீக் இடைநிறுத்தியது. கிளப் போய்விடும் என்றே ஊர் பயந்தது. ஆகஸ்ட் நடுவில் பஞ்சாப் வாரியர்ஸ் என்ற முதலீட்டுக் குழு கிளப்பை வாங்கியது. 30 வயது அஷ்வீர் சிங் ஜோஹல் மேலாளராக வந்தார். கையில் ஒரு சில வீரர்களே இருந்த நிலையில், சில நாளில் அணியைச் சேர்த்துக் கொண்டுவந்து, முதல் ஆட்டத்தில் ஆல்ட்ரிங்காமை 2-1 என்று வென்றார்கள். சரியான தயாரிப்பு ஆட்டம் எதுவும் இல்லாத அணி அது. அன்று அந்த ஊரில் அழாதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை சின்னக் கிளப்புக்கு வாசல் வசூல் கிடையாது. ஆனால் மே மாதம் புல்தரைக்கு விதை போட்டாக வேண்டும், மைதானக் காப்பீடு, விளக்குக் கட்டணம், வீரர் பதிவு என்று செலவு நிற்காது. நீங்கள் ஜூலையில் கட்டும் சீசன் டிக்கெட் பணமும், நட்பு ஆட்டத்துக்குக் கொடுக்கும் சில பவுண்டுகளும், டீக்கடையில் வாங்கும் பர்கரும் அந்த இடைவெளியைத்தான் நிரப்புகின்றன. பெரிய கிளப்பின் பையன்கள் அணி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஒரு மாலைக் கூட்டம் சில கிளப்புகளுக்கு ஒரு மாத மின்கட்டணம். ஆகவே பணியாளர்களுக்குச் சம்பளம் நேரத்துக்குப் போகிறதா, நிர்வாகம் ரசிகர்களைக் கூட்டிக் கணக்கைப் பேசுகிறதா, டர்ன்ஸ்டைலில் (நுழைவுச் சுழல்கதவில்) நிற்கிற தன்னார்வலர்கள் போன வருஷம் நின்றவர்கள்தானா என்று விசாரியுங்கள். இதற்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தால் உங்கள் அணிக்கு நல்ல சீசன் வர வாய்ப்பு இருக்கிறது என்று, நான்கு வெற்றியைப் பார்த்துச் சொல்வதைவிடத் தைரியமாகச் சொல்வேன்.

என் பட்டியலையும் சொல்கிறேன், அது உங்களுக்கும் பொருந்தும். கிளப் இருக்க வேண்டும். போன வருஷத்துப் பின்களம் கலையாமல் இருக்க வேண்டும். கோப்பையில் ஒரு சனிக்கிழமையாவது தூரத்து ஊருக்கு வண்டி நிறைய ஆள் போக வேண்டும். அகாடமிப் பையன் ஒருவராவது முதல் அணிக்கு வர வேண்டும். இவை நடந்தால் ஐந்தாவது இடம் தானாகக் கண்ணுக்குத் தெரியும். அதுவரை புள்ளிப் பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள். பத்து ஆட்டம் முடிந்தபின் பாருங்கள். முதல் நான்கு வாரம் வெயிலில் காய்ந்த தரையில் ஆடுவது. நவம்பர் செவ்வாய்க்கிழமை இரவு, மழையில், இருநூறு பேர் முன்னால் எப்படி ஆடுகிறார்கள் என்பது வேறு.

இந்தச் சனிக்கிழமை உங்களுக்குக் கடைசி நட்பு ஆட்டம் இருக்கும். கொஞ்சம் முன்னதாகப் போய் அணிப் பட்டியலை வாங்குங்கள். போன வாரம் இடது பின்களத்தில் ‘ட்ரயலிஸ்ட்’ ஒருவர் ஆடியதாகவும் உங்களுக்கு அவரை ரொம்பப் பிடித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அதே எண்ணுக்கு நேரே இந்த வாரம் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.